கேட்டுச் செய்யும் தொண்டு

(கட்டைபறிச்சானில் மூதூர் கிழக்கு மக்களும் மலையகத் தோட்டக் கமிட்டிப் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில், நமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



சேவையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சேவை என்றதும் நம் பிள்ளைகளின் கண் முன்னால் வருவது எது? வெள்ளமோ மண்சரிவோ வந்தால் லொறியில் அரிசிப் பை வரும். பையை ஒருவர் நீட்டுவார், நம் ஆச்சி கை நீட்டி வாங்குவார், போட்டோ எடுப்பார்கள். பசித்த நேரத்தில் அரிசி பெரிய காரியம்தான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஆச்சிக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? அவருக்கு அன்றைக்கு அரிசியைவிட பிரஷர் மாத்திரை அவசரமாக இருந்திருக்கலாம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2006-இல் சம்பூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் இங்கே கட்டைபறிச்சானிலும், பட்டித்திடல், மணற்சேனை, கிளிவெட்டியிலும் முகாம்களில் இருந்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, ஒன்பது வருடத்துக்கு மேல். தகரக் கொட்டிலில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது. நிவாரணம் வந்தது, குறைந்தது, நின்றது. அவர்கள் கேட்டதெல்லாம் சொந்த நிலம். 2015-க்குப் பிறகுதான் திரும்பிப் போக வழி பிறந்தது. லயத்துக் காம்பராவில் நாலு தலைமுறையாக இருந்துகொண்டு காணி உறுதி கேட்கிற நமக்கு, இவர்களுடைய கதை விளங்கும்.

எங்கள் சங்கப் பரம்பரையில் கோ. நடேசய்யரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், படித்தவர். அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அவர் துணி வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குப் போய், ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார், கேட்டார். 1931-இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது அதற்கெல்லாம் பிறகுதான். அவருடைய மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் தொழிலாளர் கஷ்டத்தைப் பாட்டாகப் பாடுவார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனம் அந்தப் பாட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும். பேச்சைவிட அது ஆழமாக இறங்கியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நம் மேடைகளில் ஐயரின் படம் இருக்கும் அளவுக்கு அம்மாவின் படம் இருப்பதில்லை.

இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். எஸ். ஏ. டேவிட் கட்டடக் கலைஞர், வெளிநாடுகளில் வேலை செய்தவர். டாக்டர் இராஜசுந்தரம் வவுனியாவில் வைத்தியர். இரண்டு பேரும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1970-களின் பிற்பகுதியில் காந்தியம் என்ற அமைப்பை நடத்தினார்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு மலையிலிருந்து இறங்கி வந்த தோட்டக் குடும்பங்களை வவுனியாவிலும் கிழக்கிலும் குடியமர்த்தினார்கள். கிணறு வெட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை வைத்தார்கள், பால் கொடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, அந்தப் பாலர் பாடசாலைகளுக்காக இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆசிரியைகளாக்கியதுதான். பாலை மட்டும் கொடுத்திருந்தால் பால் முடிந்த அன்றைக்கு வேலையும் முடிந்திருக்கும்.

1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27-ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில் டாக்டர் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா உயிர் தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் இருந்து, ஊர் திரும்பி, 2015-இல் கிளிநொச்சியில் காலமானார். நம் ஆட்களுக்காகச் சிறைக்குப் போன இவர்களை நம் தோட்டங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூதூருக்கு வந்துவிட்டு 17 பேரை நினைக்காமல் போகக் கூடாது. சுனாமிக்குப் பிறகு தண்ணீர், சுகாதார வேலை செய்த ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். 2006 ஆகஸ்ட் 4-ஆம் திகதி, மூதூரில் சண்டை நடந்த நாட்களில், அவர்கள் தங்கியிருந்த அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். அதனால் அது சேவை இல்லை என்று யாராவது சொல்வார்களா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா ஆயாவிடமும், முன்பள்ளி ஆசிரியையிடமும், "நீங்கள் செய்வது சேவை" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு, கையில் சொற்பத்தை வைப்பார்கள். சேவை என்ற சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பவர் யாராக இருந்தாலும் சங்கம் அதை எதிர்த்துக் கேட்கத்தான் வேண்டும்.

சரி, எனக்கென்று ஒரு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. முதலில் கேட்பேன். பிறகு அவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்வேன். எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், வேலையை விட்ட பிறகு சேவைக்காலப் பணத்துக்கு நடையாய் நடந்தார். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்றார்கள். நான் அவருக்காகப் போய்ப் பேசியிருக்கலாம். அவரையே கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன்: நாட்கூலி ஆளுக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம், வேலை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உள்ளே போய் அந்த அம்மாதான் பேசினார். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. பணம் கிடைக்க இன்னும் சில மாதம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு அந்த லயத்தில் மூன்று பேருக்கு அவரே கணக்குப் பார்த்துக் கொடுத்தார். என்னை யாரும் கூப்பிடவே இல்லை. எனக்கு அதில் சந்தோஷம்.

இப்போது நம் கஷ்டத்துக்கு வருகிறேன். பல தோட்டங்களில் கமிட்டிக்கு ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள், போகட்டும், வயிறு இருக்கிறது. ஆனால் லீவுக்கு வருகிற பிள்ளை சேமலாப நிதிப் பாரம் ஒன்றை நிரப்பிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். நாம் 8 வீதம் கட்டுகிறோம், தோட்டம் 12 வீதம் கட்ட வேண்டும். கட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறோம்? சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கிற தோட்டத்திலும் தலைவர் நாற்காலியில் ஆண்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

மலையகத்திலிருந்து வந்திருக்கிற ஒவ்வொரு கமிட்டியிடமும் இரண்டு பேர் கேட்கிறேன், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பாரம் நிரப்பவும் கணக்குப் பார்க்கவும் சொல்லிக் கொடுக்கிறோம். பஸ் புறப்படுவதற்கு முன் அந்தக் கதவுப் பக்கம் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பேனா அங்கேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.