சுவர் அல்ல, திரவம்

செல்லைச் சுற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு கோடு வரைந்திருப்பார்கள். அதுதான் செல் சவ்வு. அந்தப் படத்தையே பார்த்துப் பழகியதால் அதைச் சுவர் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காக நிற்கும் திரவப் படலம். தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான்.

இதைக் கண்ணுக்குக் காட்டியது நுண்ணோக்கி. 1970-ல் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் மனித செல் ஒன்றையும் எலி செல் ஒன்றையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒன்றின் புரதங்களுக்குச் சிவப்புச் சாயம், மற்றதற்குப் பச்சை. முதலில் பாதிக்குப் பாதி தனித்தனியாக இருந்த நிறங்கள், உடல் சூட்டில் வைத்த 40 நிமிடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன!

யாரும் தள்ளவில்லை. பூந்தமல்லி பேருந்து நிலையக் கூட்டத்தில் இடிபட்டு நகர்கிறவரைப்போல, ஒவ்வொரு புரதமும் திசையில்லாமல் அலைகிறது. அப்படி அலைந்தால் இரண்டு மடங்கு தூரம் விலக நான்கு மடங்கு நேரம் ஆகும். இந்தக் கணக்கை விரிவாக எழுதியவர்களில் நம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரும் ஒருவர். 1943-ல் வந்த அந்தக் கட்டுரையை இன்றும் புரட்டுகிறார்கள்.

உயிருள்ள செல்லில் கணக்கு இடறுகிறது. ஜப்பானில் குசுமி குழுவினர் சவ்வின் மூலக்கூறில் 40 நானோமீட்டர் தங்கத் துகளை ஒட்டி, நொடிக்கு 40,000 படம் எடுத்தார்கள். துகள் ஒரு சிறு கட்டத்துக்குள் தாராளமாகச் சுற்றுகிறது. பிறகு சட்டென்று அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறது. சவ்வுக்கு அடியிலுள்ள ஆக்டின் என்ற புரத இழைகளின் வலைதான் வேலி.

பெங்களூரில் தேசிய உயிரியல் மையத்தின் சத்யஜித் மேயர் இன்னும் ஒரு படி போனார். சில புரதங்கள் சிறுசிறு கும்பலாகச் சேர்ந்திருப்பதை 1998-ல் காட்டினார். இயற்பியலாளர் மதன் ராவோடு சேர்ந்து, ஆக்டின் இழைகளே அவற்றைச் சேர்க்கின்றன என்று 2012-ல் விளக்கினார். செல் தன் சவ்வைத் தானே கலக்கிக்கொள்கிறது என்பது என்னை வியக்க வைக்கும் கண்டுபிடிப்பு.

சென்னீர்குப்பம், ஆவடி பக்கத்து அறிவியல் ஆசிரியர்களே, இந்தத் திசையில்லா அலைச்சலை மாணவர்களுக்குக் காட்ட உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சொட்டுப் பாலில் நிறையத் தண்ணீர் கலந்து, கண்ணாடி வில்லையால் மூடி, நுண்ணோக்கியில் நாற்பது மடங்குப் பொருளருகு வில்லையில் வையுங்கள். கொழுப்புத் துளிகள் ஓயாமல் துடிக்கும். சிறியவை அதிகமாகத் துடிக்கும். ஒவ்வொரு மாணவரையும் அவசரப்படுத்தாமல் பார்க்க விடுங்கள்.