புதிய வீடுகள் எங்கே வர வேண்டும்?



சென்னையில் இனி வீடுகள் எங்கே எழ வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "எங்கள் பேட்டையில் இப்போதே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம், இன்னும் மாடி வேண்டாம்" என்பார் மயிலாப்பூர்க்காரர். "கையிலிருக்கும் காசுக்குக் கூடுவாஞ்சேரி தாண்டித்தான் மனை கிடைக்கிறது" என்பார் புதுக்குடித்தனக்காரர். "பிழைப்பு இருக்கிற இடத்தை விட்டு எங்களை அனுப்பாதீர்கள்" என்பார்கள் கூவம் கரையில் குடியிருப்போர். மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் எங்கே வீடு கூடாது என்பதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை: நீர் தேங்கும் இடத்தில் கூடாது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினோம். அந்தப் பழக்கம் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வரை தொடர்ந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பு நிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். தேங்கும் இடத்தைக் கட்டடங்களும் குப்பைமேடும் பிடித்துக்கொண்டன. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அருகிலுள்ள முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடியது. 2023இல் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மறுபடி மூழ்கியது.

தொலைவும் ஒரு துன்பம்தான். 2000ஆம் ஆண்டு முதல் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அருகே கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டன. வீடு கிடைத்தது. ஆனால் நகரத்துக்குள் வீட்டுவேலை பார்த்த பெண்களுக்குப் பேருந்துக்கட்டணமும் பயண நேரமும் கூலியைத் தின்றன. பலர் வேலையையே விட்டார்கள்.

ஆகவே ரயில், மெட்ரோ நிலையங்களை ஒட்டிய மேட்டுநிலத்தில்தான் புதிய குடியிருப்புகள் முதலில் வர வேண்டும். அவற்றில் ஏழைகளுக்கும் பங்கு வேண்டும். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் போட்ட பிறகே மாடிகள் உயர வேண்டும். மயிலாப்பூர்க்காரரின் கவலைக்கும் அதுவே பதில்.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்ததன் வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தாக வேண்டும் என்பது சட்டம். அப்போது உங்கள் பகுதியின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய கிராம வரைபடத்தில் உள்ள ஏரியும் ஓடையும் வாய்க்காலும் அதில் இருக்கின்றனவா என்று சர்வே எண்ணை வைத்துச் சரிபாருங்கள். விடுபட்டிருந்தால், கெடு முடியும் முன் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்.