முனகும் மோட்டார்

பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுக்கும் ஈப்போ பட்டறையில், பழைய ரம்பம் சுவிட்சைப் போட்டதும் முனகிக்கொண்டே நிற்கிறதா? காயில் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 240 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் கரண்ட், நின்ற மோட்டாரைத் தானாகச் சுழலவைக்காது. முதல் உந்தலுக்குத்தான் கப்பாசிட்டரும் உள்ளே ஒரு சுவிட்சும். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பேரிங். லேசாகச் சுழன்றால் சந்தேகம் கப்பாசிட்டர் மேல்தான். அந்த உள் சுவிட்சின் முனைகளில் மரத்தூள் அப்பியிருக்கவும் கூடும், ரம்பப் பட்டறையில் அது சகஜம்.

புதிதாக வாங்குவதே லாபம் என்பார்கள். காயில் கருகி வாடையடித்தால் அது நியாயம். மற்றபடி, ஒரு சின்னப் பாகத்துக்காக மோட்டாரையே தூக்கிப்போடுவது வீண்செலவு. கப்பாசிட்டரைத் தொடுமுன் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஷாக் அடிக்கும்.