ஜெபத்தை விலைபேசாதீர்கள்

(தளவாய்புரத்தில் நடந்த ஜெபக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வளவு அக்கிரமம் நடக்கிற உலகத்தில் ஜெபம் பண்ணி என்ன ஆகப்போகிறது? நம்மைப் பிடிக்காதவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆலயத்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்களே கேட்கிறார்கள். வாய்விட்டுக் கேட்டால் விசுவாசம் போய்விட்டது என்று சபை சொல்லிவிடுமோ என்ற பயத்தில் மனசுக்குள் கேட்கிறார்கள். அந்தப் பயத்தை இன்றைக்கு இந்த மேடையில் உடைத்துப் போட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

தூர தேசத்துக் கதை வேண்டாம். சிவகாசியும் சாத்தூரும் நமக்குப் பஸ்ஸில் போய் வருகிற தூரம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவி செய்யலாம் என்று பக்கத்திலிருந்து ஓடினவர்களும் அதில் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்தது. அங்கே இருபதுக்கும் மேலே. இந்த இரண்டும் பெரிது என்பதால் பேப்பரில் முதல் பக்கம் வந்தது. ஒன்றும் இரண்டுமாகப் போன உயிர்கள் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்து போயின.

ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கூடவே ஒரு பிரசங்கமும் கிளம்பிவிடுகிறது. “பாவத்துக்குச் சம்பளம்” என்கிறார்கள். “அந்த வீட்டில் குடும்ப ஜெபம் கிடையாது” என்கிறார்கள். “எங்கள் கூட்டத்துக்கு வந்த சகோதரி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, தப்பித்தாள், அல்லேலூயா” என்கிறார்கள். தப்பித்தவளுக்காகச் சந்தோஷப்படுங்கள், நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அவளோடு ஒரே வேனில் வேலைக்குப் போகிறவள், அவளைப் போலவே காலையில் முழங்கால் போட்டு எழுந்தவள், அன்றைக்குக் கரிக்கட்டையாக வந்தாளே, அவளுடைய தாய் உங்கள் அல்லேலூயாவைக் கேட்டுக்கொண்டு நிற்பாளா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கா நமக்கு வேதத்தைக் கொடுத்தார்கள்?

இந்தப் பிரசங்கிமார் ஒரே ஒரு அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். லூக்கா சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரம். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். ஊர் அன்றைக்கும் அதே பேச்சைத்தான் பேசியிருக்கிறது: என்ன பாவம் பண்ணினார்களோ என்று. இயேசு ஆண்டவர் அந்தப் பேச்சை முகத்துக்கு நேரே மறுத்தார். எருசலேமில் குடியிருக்கிற மற்றவர்களைவிட அந்தப் பதினெட்டுப் பேர் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, இல்லை என்று சொல்லிவிட்டு, கேட்டவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்று திருப்பிவிட்டார். செத்தவனுடைய பாவக் கணக்கைத் தோண்டாதே, உயிரோடு இருக்கிற உன் கணக்கைப் பார் என்று அர்த்தம்.

அப்படியானால் சாத்தூர் வெடியில் யாருடைய கணக்கைப் பார்க்க வேண்டும்? ஓர் அறையில் இத்தனை பேர்தான் உட்கார வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு மேல் ஆளை உட்கார வைத்தது யார்? உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டது யார்? தீபாவளி ஆர்டர் நெருங்குகிறது என்று மருந்துக் கலவையில் அவசரப்படுத்தியது யார்? மணி மருந்து உராய்ந்தால் தீப்பிடிக்கும் என்பது தொழிலில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெயில் ஏறினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்தே செய்தார்கள். தெரிந்தே பார்க்காமல் இருந்தார்கள். மனுஷன் செய்ததைத் தெய்வத்தின் தலையில் கட்டிவிட்டு, செத்தவளுடைய பாவத்தைப் பற்றிப் பேசுகிறவன் ஆண்டவருக்காகப் பேசவில்லை, அந்த உள்குத்தகைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான்.

இதே பிரசங்கிமார் கூட்டந்தான் ஜெபத்துக்கு விலைப்பட்டியலும் போட்டு வைத்திருக்கிறது. விதைக் காணிக்கை இவ்வளவு போட்டால் கடன் தீரும், அபிஷேக எண்ணெய் இந்தப் பாட்டில் வாங்கினால் வியாதி போகும். குழுக் கடன் தவணைக்கு வாசலில் ஆள் வந்து நிற்க, நைட்டி தைத்த கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த பெண்கள் எத்தனை பேர்! கடன் தீராவிட்டால் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று பழி அவள் மேலேயே விழுகிறது. இதை நான் பகிரங்கமாகச் சொல்கிறேன்: கொடுத்தால் கிடைக்கும் என்று பேரம் பேசுவதற்கு ஜெபம் என்று பேர் வைக்காதீர்கள்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தச் சீமைக்கு வந்த மிஷனரி ராக்லாந்து ஐயர் தோற்றுப்போனவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துப் பெரிய பேர் எடுத்தவர். 1854இல் வட திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராக அலைந்தார். நெஞ்சில் வியாதி. 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் இறந்துபோனார், வயது 43. திரண்ட சபையையும் பார்க்கவில்லை, சுகத்தையும் பார்க்கவில்லை. விதை போட்டவுடன் அறுப்பு என்று சொல்கிறவர்கள் அவருக்கு என்ன சாட்சி எழுதுவார்கள்?

இனி ஜெபத்தையே கேள்வி கேட்கிறவர்கள் பக்கம் வருகிறேன். பகுத்தறிவுத் தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. 1968 டிசம்பர் 25. நாம் கிறிஸ்துமஸ் ஆராதனை முடித்து, கேக் வெட்டி, பிள்ளைகளுக்குப் புதுத்துணி உடுத்திய நாள். அன்று இரவு கீழவெண்மணியில், கூலியை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ஒரு குடிசைக்குள் எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் மேல்முறையீட்டில் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்கள். உன் ஆண்டவர் அன்று இரவு எங்கே இருந்தார் என்று தோழர் கேட்டால், சாமர்த்தியமான பதில் ஒன்றும் என்னிடம் இல்லை. அப்படிப் பதில் வைத்திருக்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

ஆனால் தோழரே, இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் எங்கள் வேதத்துக்குள்ளேதான் இருக்கிறார்கள். ஆபகூக் தீர்க்கதரிசி கேட்டான். கொடுமை கொடுமை என்று எவ்வளவு காலம் கத்துவேன், நீர் ஏன் கேட்கவில்லை என்று தேவனிடமே வழக்காடினான். யோபு கேட்டான். அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்மார், நீ ஏதோ பாவம் பண்ணியிருக்கிறாய் என்று நம் பிரசங்கிமார் மாதிரியே பேசினார்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை, அந்தச் சிநேகிதர்மேல். சிலுவையில் தொங்கியவரே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று பிதாவைக் கேட்டார். அதற்கு மேலே என்ன வேண்டும்? வெண்மணிக்காகத் துடிக்கிற உங்கள் நெஞ்சும் எங்கள் ஜெபமும் பகையாளிகள் என்று யார் உங்களுக்குச் சொன்னது? அநியாயத்தைப் பார்த்து, இது இப்படி இருக்கக்கூடாது என்று தேவனுடைய முகத்துக்கு முன் நின்று சொல்வதுதான் ஜெபம். அது நடந்ததை விதி என்று ஏற்றுக்கொள்ள மறுக்கிறது.

அப்படி மறுத்த ஒரு மனுஷனை உங்களுக்குக் காட்டுகிறேன். திருச்சி மாவட்டம் விரகாலூர்க்காரர், இயேசு சபைக் குருவானவர் ஸ்டேன் சுவாமி. கத்தோலிக்கர், நாம் சீர்திருத்த சபை. அதனால் என்ன? ஜார்க்கண்டில் ஆதிவாசிகளுடைய நிலத்துக்காகவும், விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி வாலிபர்களுக்காகவும் பல ஆண்டுகள் உழைத்தவர். 2020 அக்டோபர் 8ஆம் தேதி ராஞ்சியில் அவரைக் கைது செய்தார்கள். வயது 83. பார்க்கின்சன் வியாதி, இரண்டு காதும் மந்தம். மும்பைக்குப் பக்கத்தில் தலோஜா சிறையில் வைத்தார்கள்.

கை நடுங்கும். தம்ளரைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் சட்டையில் கொட்டும். மூடி போட்ட சிப்பரும் உறிஞ்சுகுழலும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்த மனுவுக்குப் பதில் சொல்ல, அவரைக் கைது செய்த தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. ஒரு கிழவர் தண்ணீர் குடிப்பதற்கு! நம் வீட்டில் எல்கேஜி படிக்கிற பிள்ளையின் பையில் செருகி அனுப்புகிற சாமான் அது.

அந்த நாட்களில் அவர் எழுதியனுப்பிய கடிதங்களில் தன்னைப் பற்றிய புலம்பல் அதிகம் இல்லை. கூட இருக்கிற கைதிகள் தன்னைக் குளிப்பாட்டுவதையும் தனக்கு ஊட்டிவிடுவதையும் எழுதினார். அவர்கள் ஏழைகள், தங்கள் மேல் என்ன குற்றம் என்றே அவர்களில் பலருக்குத் தெரியாது என்று எழுதினார். தனக்காக ஜெபிக்கக் கேட்கிற இடத்தில் அவர்களுக்காக ஜெபிக்கக் கேட்டார். ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5ஆம் தேதி ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

ஜெபம் அவருக்கு என்ன வாங்கிக் கொடுத்தது என்று கேட்கிறீர்களா? ஜாமீன் வாங்கிக் கொடுக்கவில்லை. கை நடுக்கத்தை நிறுத்தவில்லை. அவரை அடைத்து வைத்தவர்கள் அவரைத் தன்னைப் பற்றி மட்டும் நினைக்கிற ஒரு மனுஷனாகச் சுருக்கிவிட முடியாமல் செய்தது. தீமை முதலில் உடம்பைத்தான் அடிக்கும். அப்புறம் உள்ளே வந்து நம்மையும் தன்னைப் போல ஆக்கப் பார்க்கும். ஜெபம் அந்த உள்வாசலில் நிற்கிறது. நான் கண்டது இவ்வளவுதான், இதை உயிருள்ளமட்டும் சொல்லுவேன்.

அந்த உள்வாசலைக் காத்த இன்னொருவரும் உண்டு. ஒடிசாவில் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும், அவர் பிள்ளைகள் பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது தீமோத்தேயுவையும் எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மாள் மன்னித்தேன் என்றார். தொழுநோயாளிகளை விட்டுப் போகாமல் பாரிபாடாவிலேயே வேலையைத் தொடர்ந்தார். மன்னிப்பு வேறு, சட்டம் தன் கடமையைச் செய்வது வேறு என்பதையும் அவர் தெளிவாகவே சொன்னார். இதை நம் சபையார் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம், ஜெபம் பண்ணிப் பொறுத்துக்கொள்ளம்மா என்று சொல்லி அனுப்புகிற மூப்பர்கள் இருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளோடு கூடப் போங்கள். போகிற வழியில் ஜெபம் பண்ணுங்கள்.

இலங்கையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பதினாலு பேர் பிள்ளைகள், ஓய்வுநாள் பள்ளி முடித்து நின்ற நம் தமிழ்ப் பிள்ளைகள். இதற்குமேல் அதைப் பற்றி மேடையில் பேச எனக்கு முடியவில்லை. அந்தச் சபை கலைந்து போகவில்லை, இன்னும் கூடி ஜெபிக்கிறது என்பதை மட்டும் சொல்லி நகருகிறேன்.

இதுவரை வெளியிலிருந்து வருகிற தீமையைச் சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள். இனி நமக்குள்ளே இருக்கிற தீமையைச் சொல்கிறேன், அதற்குத் தலையாட்டுவீர்களா, தெரியாது. 1745இல் நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினார். சித்திரவதை பட்டார், 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் எழுப்பினார்கள். 1910இல்தான் அதை இடித்தார்கள். இடித்தது தப்பு என்று உயர்சாதிக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள். அந்த இரத்தசாட்சி ஞானஸ்நானம் பெற்ற மண்ணில் அவர் பேரைச் சொல்லிக்கொண்டே அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஜெபம் பண்ணினோமே, அந்த ஜெபத்தை ஆண்டவர் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பார்?

பழைய கதை என்று தள்ளாதீர்கள். நம் வட்டாரத்தில் கல்லறைத் தோட்டத்தில் எந்தச் சாதிக்கு எந்த மூலை என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள். பெண் பார்க்கும்போது சபையைக் கேட்கிறீர்களா, சாதியைக் கேட்கிறீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். தீமையிலிருந்து எங்களை விடுவியும் என்று தினமும் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் கேட்கிறோம். அந்தத் தீமையில் பாதியை நாமே வீட்டுக்குள் சோறு போட்டு வளர்த்துக்கொண்டு கேட்கிறோம். உலகத்தில் இவ்வளவு கெட்டது இருக்கும்போது எப்படி ஜெபிப்பது என்று கேட்டீர்கள். நமக்குள் இவ்வளவு கெட்டது இருக்கும்போது ஜெபிக்காமல் எப்படி இருப்பது என்று நான் கேட்கிறேன்.

ஜெபித்தால் மட்டும் போதுமா? நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் சூழ்ந்தார்கள். அவர் ஜெபம் பண்ணினார், அதோடு இராப்பகலாகக் காவலும் வைத்தார். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடவில்லை.

ஆகவே இந்தச் சபையிடம் இரண்டு காரியம் கேட்டு முடிக்கிறேன். இனி எந்த ஆலையில் வெடித்தாலும் மறுநாள் ஆராதனையில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றதோடு போகக்கூடாது. தீக்காய வார்டில் ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டும். நிவாரண மனு எழுதிக் கொடுக்க, தாலுகா ஆபீசுக்குக் கூட நடக்க, வழக்குத் தேதிக்குப் போய் நிற்கப் படித்த பிள்ளைகள் வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரே, செத்தவர் வீட்டுக்குப் போய், எந்த மதத்து வீடாக இருந்தாலும், அந்தத் தாய் சம்மதித்தால் அவளோடு உட்கார்ந்து ஜெபியுங்கள். பாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

இரண்டாவது, அடுத்த சபைக் கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்து விஷயம் முதல் பொருளாக வர வேண்டும். வரிசைப்படி, மரித்த தேதிப்படி அடக்கம் என்று தீர்மானம் எழுதுங்கள். எதிர்க்கிறவர்கள் எழுந்து பேசட்டும், எழுந்து பதில் சொல்ல நான் அங்கே இருப்பேன். குருவானவர் ஐயா தேதி குறித்து அறிவிக்கும்படி இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.