நூற்றெண்பதில் ஒன்று



பிரசவம் பார்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவரின் நினைவுச் சொற்பொழிவு இது. ஆகவே, கர்ப்பிணியின் கையில் நாம் கொடுக்கும் ஒரு தாளைப் பற்றிப் பேசுகிறேன். டபுள் மார்க்கர் ரிப்போர்ட்.

கர்ப்பத்தின் 11ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரத்துக்குள் இந்தச் சோதனை நடக்கிறது. என்.டி. ஸ்கேனில் தெரியும் சிசுவின் பிடரி நீரளவு, தாயின் இரத்தத்திலுள்ள இரண்டு பொருள்களின் அளவு, தாயின் வயது ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்தால், குரோமோசோம் குறைபாடான டவுன் சின்ட்ரோம் சிசுவுக்கு இருக்கும் வாய்ப்பைக் காட்டும் ‘1:180’ என்பதுபோல ஓர் எண் வரும். 250க்கு ஒன்று என்ற வரம்பை மீறினால் பல ஆய்வகங்கள் ‘ஹை ரிஸ்க்’ என்று அச்சிடுகின்றன. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. இதே எண் வந்த 180 பேரில் 179 பேருடைய குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்காது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

செவிலியர் பயிற்சி மாணவியரே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 10,000 கர்ப்பிணிகளில் 10 பேரின் சிசுவுக்கு டவுன் சின்ட்ரோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சோதனை அவர்களில் 9 பேரைக் கண்டுபிடிக்கும், ஒருவரைத் தவறவிடும். பாதிப்பில்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும். ஏறக்குறைய 500 பேர்! அழைத்துச் சொல்லப்படும் 509 பேரில் 9 பேருக்குத்தான் சந்தேகம் மெய்யாகும்.

தாயின் இரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. மிதப்பதை ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோவின் குழுவினர் 1997இல் காட்டினார்கள். அதிலிருந்து பிறந்த என்.ஐ.பி.டி. என்னும் இரத்தச் சோதனை டபுள் மார்க்கரைவிட மிகக் கூர்மையானது. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் பொய்யாகச் சந்தேகம் எழுப்பும் என்று கொண்டாலும், அதே 10,000 பேரில் மெய்யான பத்துக்குப் பொய்யான பத்து வரும். அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியின் குரோமோசோமும் குழந்தையின் குரோமோசோமும் சில வேளை வேறுபடும். எனவே பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. என்.ஐ.பி.டி. தாளை மட்டும் பார்த்துக் கருவைக் கலைப்பது எனக்குப் பொறுக்க முடியாத அநீதி.

கர்ப்பிணிக்கு விளக்கிச் சொல்வதன் அவசியத்தைச் சட்டமும் புரிந்துவைத்திருக்கிறது. கர்ப்பகாலச் சோதனை முறைகள் பற்றிய 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டமாக மட்டுமே நாம் அறிவோம். பனிக்குட நீர் எடுப்பது போன்ற சோதனைக்கு முன் அதன் பின்விளைவுகளைக் கர்ப்பிணிக்கு விளக்க வேண்டும், அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும், அதன் நகலை அவளிடமே தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. நடப்பில் இது கையெழுத்து வாங்குவதாகச் சுருங்கிவிட்டது.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. டவுன் சின்ட்ரோம் உறுதியான பிறகும் பெற்றுக்கொள்வேன் என்பவளுக்கு நாம் செய்ய வேண்டியது நிறைய. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். கருவிலேயே இதய ஸ்கேன் பார்த்தால், குழந்தைகளுக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்யும் வசதியுள்ள ஊரில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். இதையெல்லாம் விளக்க அரைமணி நேரமாவது ஆகும். சோதனைக்குக் கட்டணம் வாங்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் அந்த அரைமணியையும் அதே கட்டணத்துக்குள் தந்தாக வேண்டும்.