மடித்த சீட்டு

"தம்பி, ஓட்டு யாருக்கு?" கருத்துக்கணிப்புக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார். பையன் வாயைத் திறப்பதற்குள் ஈசிச்சேரிலிருந்து அப்பா சொல்கிறார்: "எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே சின்னந்தான்!" பையன் தலையாட்டுகிறான். அது யாருடைய பதில்? அப்பாவுடையது.

டெல்லியில் லோக்நீதி என்றொரு ஆய்வு அமைப்பு. 2016-இல் இளைஞர்களிடம் கல்யாணம், வேலை, அரசியல் எல்லாம் கேட்டார்கள். தேர்தல் ஆய்வு என்றால் ஓட்டுக் கேள்விக்கு இவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சின்னங்கள் அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுப்பார்கள். குறியிட்டு, மடித்து, பெட்டியில் போட வேண்டும். அப்பா பக்கத்திலேயே இருக்கட்டுமே! சீட்டு மடிந்துவிட்டது.

ஆனால் காதல் கல்யாணம் சரியா என்ற கேள்விக்கு வாயால்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருக்கும்.