அந்நியர் வெளியேறினர், அமைதி ஏன் வரவில்லை?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஆப்கானிஸ்தானைப் 'பேரரசுகளின் கல்லறை' என்று கூறக் கேட்டுப் பெருமிதம் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பிரிட்டன் தோற்றது, சோவியத் யூனியன் தோற்றது, அமெரிக்காவும் வெளியேறியது என்று விரல்விட்டு எண்ணுகிறோம். ஆனால் அந்தக் கல்லறையில் அடங்கியிருப்போரில் மிகப் பெரும்பாலோர் ஆப்கானிய மக்களே என்பதையும், ஒவ்வொரு படை வெளியேறிய பின்னரும் அவர்களுக்கு அமைதி கிட்டாமற் போனதன் காரணத்தையும் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ரஷ்யாவின் செல்வாக்கு இந்தியாவை நெருங்கிவிடுமோ என்று அஞ்சிய பிரிட்டிஷார், 1839இல் காபூலுக்குள் நுழைந்தனர். அமீர் தோஸ்த் முஹம்மது கானை அகற்றிவிட்டு, லூதியானாவில் தங்கள் உதவித்தொகையில் வாழ்ந்துவந்த ஷா ஷுஜாவை அரியணையில் அமர்த்தினர். மக்கள் அவரை ஏற்கவில்லை. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய சுமார் 16,000 பேரில் பெரும்பாலோர் பனியிலும் தாக்குதலிலும் மாண்டனர். அவர்களுள் மிகுதியானோர் இந்தியச் சிப்பாய்களும் ஏவலாட்களுமே. அவ்வாண்டு ஏப்ரலில் ஷா ஷுஜாவும் கொல்லப்பட்டார். பழிவாங்க வந்த படை காபூலின் பெரிய கடைவீதியைத் தகர்த்துவிட்டுத் திரும்பியது. மறு ஆண்டிலேயே தோஸ்த் முஹம்மது கான் மீண்டும் ஆட்சியில் அமர்ந்தார்.

1878இல் இரண்டாம் போர் மூண்டது. 1879இல் கண்டமக் உடன்படிக்கையின் மூலம், ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, அமீர் யாகூப் கான் வெளியுறவு அதிகாரத்தைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார். அவ்வதிகாரத்தை 1919இல் அமானுல்லாஹ் கான் போரிட்டு மீட்டபோது, பிரிட்டன் அந்த உதவித்தொகையை நிறுத்திவிட்டது. விடுதலைக்கும் உதவித்தொகைக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

1978இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் தமக்குள்ளேயே ஒருவரையொருவர் கொன்றனர். 1979 டிசம்பரில் நுழைந்த சோவியத் படை, அதிபர் அமீனைக் கொன்று பாப்ரக் கார்மலை அமர்த்தியது. எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்களுக்கு அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் பாகிஸ்தான் வழியாகப் பணமும் ஆயுதமும் அளித்தன. சுமார் 10 லட்சம் ஆப்கானியர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். சோவியத் படையினர் சுமார் 15,000 பேர் மடிந்தனர். 1989 பிப்ரவரி 15இல் அப்படை முற்றிலும் வெளியேறியது. மாஸ்கோவின் உதவியால் நிலைத்திருந்த நஜீபுல்லாஹ்வின் ஆட்சி, அவ்வுதவி நின்றபின் 1992 ஏப்ரலில் வீழ்ந்தது.

சகோதரர்களே! நெஞ்சைப் பிளக்கும் பகுதி இதன் பின்னரே தொடங்குகிறது. வெற்றி பெற்ற இயக்கங்கள் காபூலுக்காகத் தமக்குள் மோதிக்கொண்டன. 1993 மார்ச்சில் இஸ்லாமாபாத்தில் சமாதான உடன்படிக்கை செய்தனர். தலைவர்கள் மக்கா முகர்ரமாவுக்கே சென்று அதனை உறுதிப்படுத்தினர். ஓராண்டுகூட நிறைவடையவில்லை, 1994 புத்தாண்டு நாளில் ஹிக்மத்யாரின் படையும் தோஸ்தமின் படையும் இணைந்து தலைநகரைத் தாக்கின. பத்தாண்டு சோவியத் போரில் பெருமளவு தப்பியிருந்த காபூல், இக்காலத்திலேதான் இடிபாடாயிற்று. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் மாண்டனர். ஆயுதம் பிறர் தந்தது. இயக்கிய கரமோ சொந்தச் சகோதரனுடையது. மக்காவில் அளித்த வாக்கையே மீறியவர்களை வேறு எந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தும்?

அந்தக் குழப்பத்தின் மீதே 1996இல் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். அல்காயிதாவின் 2001 செப்டம்பர் 11 தாக்குதலைத் தொடர்ந்து அமெரிக்கப் படை வந்தது. இருபதாண்டுகளின் இறுதியில், அரசுச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெளிநாட்டு உதவியே ஈடுசெய்தது. 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்தபோது, காபூல் அரசு அதில் ஒரு தரப்பாகவே இல்லை. பிறர் பணத்தில் நிற்பவருக்குத் தம் நாட்டின் விதியைப் பேசும் அவையிலேயே இடமில்லாமற் போயிற்று. 2021 ஆகஸ்ட் 15இல் அவ்வரசு கவிழ்ந்தது. ஆகஸ்ட் 30இல் கடைசி அமெரிக்கப் படையினரும் வெளியேறினர்.

அந்நியப் படை அகன்றது, அநீதி அகலவில்லை. 2021 முதல் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் தடுக்கப்பட்டது. அத்தடை ஷரீஅத்திற்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அப்போதே அறிவித்தார். கல்வி தேடுவது கடமை என்று நம் பெண்மக்களுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், இத்தடைக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்ட இயலாது. அந்நியன் இழைத்தால் அநீதி, நம்மவர் இழைத்தால் நியாயம் என்று அளப்பதற்கு நம்மிடம் இரண்டு தராசுகள் இல்லை.

அந்நியப் படையை விரட்டும் வீரம் அம்மக்களிடம் என்றுமே குறைந்ததில்லை. பிறரிடம் கையேந்தாத ஆட்சியும், சகோதரனுக்கு அளித்த வாக்கைக் காக்கும் தலைமையும், பலவீனருக்கும் நீதியும் கிட்டும் நாளே அவர்களின் வெற்றி நாள். நெடுங்காலம் துயருற்ற அம்மக்களுக்கு வல்ல ரஹ்மான் அந்நாளை விரைவில் அருள்வானாக! ஆமீன்.